நாய்களைத் தாக்கும் கண் நீர் அழுத்த நோய்

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும் சேரன்மகாதேவி வட்டாரத்தில் நாய் வெறும் செல்லப் பிராணி அன்று. வாழைத் தோட்டத்தில் இரவுக் காவல், ஆட்டுக் கிடையைச் சுற்றி வருதல், களத்தில் கிடக்கும் நெல்லுக்குத் துணை, மலையடிவார நிலங்களில் காட்டுப்பன்றியின் வரவைக் குரைத்து அறிவித்தல் என்று அதற்கு வேலைகள் பல. மாட்டின் கண்ணில் நீர் வடிந்தால் மறுநாளே மருத்துவரிடம் காட்டும் விவசாயிகள்கூட, நாயின் கண் சிவந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகின்றனர். தூசி பட்டோ, சாதாரண அழற்சியாலோ வந்த சிவப்பு அவ்வாறு சரியாகியும் விடுவதுண்டு. ஆனால் அந்தச் சிவப்புக்குக் காரணம் கண் நீர் அழுத்த நோயாக இருந்தால், இரண்டு மூன்று நாள் தாமதம் அந்தக் கண்ணின் பார்வையை அடியோடு போக்கிவிடும். போன பார்வையை எந்த மருந்தாலும் மீட்க இயலாது.

மனிதர்களுக்கு வரும் 'கிளாக்கோமா'வும் இதுவும் அடிப்படையில் ஒரே நோய்தான். மனிதர்களில் பெரும்பாலும் வலியின்றி, பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் பார்வையைக் குறைத்துக்கொண்டு வரும். நாய்களிலோ திடீரென்று, கடும் வலியோடு வருவதே அதிகம். ஆகவே மனிதரின் நோயைப் பற்றிக் கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு, "மெல்லப் பார்த்துக்கொள்ளலாம்" என்று எண்ணிவிடக் கூடாது.

கண்ணுக்குள் ஓடும் நீர்

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. இது கண்ணீர் அன்று; கண்ணீர் வெளியே சுரப்பது. இந்த நீர் கண்ணுக்குள்ளேயே, நிறமுள்ள கதிராளிப் படலத்தின் பின்புறத்தில் ஊறி, கண்பாவையின் வழியாக முன் அறைக்கு வருகிறது. அங்கே கருவிழியும் கதிராளிப் படலமும் சேரும் மூலையில் சல்லடை போன்ற திசு ஒன்று கண்ணைச் சுற்றிலும் அமைந்துள்ளது. அதன் வழியே நீர் வடிந்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இரத்த ஓட்டம் நேரடியாக எட்டாத கருவிழிக்கும் கண் வில்லைக்கும் உணவைக் கொண்டு சேர்ப்பது இந்த நீர்தான்.

கால்வாய்ப் பாசனம் அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. குளத்துக்கு வரத்து நிற்காமல் வந்துகொண்டிருக்கும்போது மடையும் அடைபட்டு, கலிங்கும் அடைபட்டால் என்ன ஆகும்? குளத்திலாவது கரை உடைந்து நீர் வெளியேறும். கண்ணுக்கு அந்த வழியும் இல்லை. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்த அழுத்தம் கண்ணின் பின்புறத்திலுள்ள விழித்திரையையும் பார்வை நரம்பையும் நசுக்கி, அவற்றுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் குறைத்துவிடுகிறது. நரம்பு இழைகள் மடிகின்றன. நாய்களில் அழுத்தம் மிக அதிகமாக ஏறினால் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் இச்சேதம் முடிந்துவிடக் கூடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நீர் அதிகமாக ஊறுவதால் இந்நோய் வருவதில்லை. வடிகால் அடைபடுவதாலேயே வருகிறது. சிகிச்சை முழுவதும், ஊற்றைக் குறைப்பது அல்லது வடிகாலைத் திறப்பது என்ற இரண்டில் ஒன்றாகவே இருக்கும்.

பரம்பரையாக வருவதும் பிற நோயால் வருவதும்

சில இன நாய்களுக்கு வடிகால் மூலை பிறவியிலேயே குறுகியும் சரியாக உருவாகாமலும் இருக்கும். காக்கர் ஸ்பேனியல், பாசெட் ஹவுண்ட், சைபீரியன் ஹஸ்கி, சௌ சௌ முதலிய அயல்நாட்டு இனங்கள் இதற்குப் பேர்போனவை. பீகிள் இனத்தில் இந்நோய்க்குக் காரணமான மரபணுக் குறை ஒன்று 2011ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. இவ்வகை நோய் குட்டிப் பருவத்தில் பெரும்பாலும் தெரிவதில்லை. நாய்க்கு நடுத்தர வயதாகும்போது திடீரென்று ஒரு கண்ணில் தோன்றும். இன்று சிற்றூர்களிலும் இத்தகைய நாய்களை விலை கொடுத்து வாங்கி வளர்க்கின்றனர். வாங்குவோர் குட்டியின் நிறத்தையும் காதின் நீளத்தையும் பார்க்கும் அளவுக்குத் தாய் தந்தை நாய்களின் கண்ணைப் பற்றி விசாரிப்பதில்லை. இந்நோய் கண்ட நாயையும் அதன் உடன்பிறப்புகளையும் இனவிருத்திக்குப் பயன்படுத்தக் கூடாது.

சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம், கோம்பை முதலிய நம் இனங்களையும் சாதாரண நாட்டு நாய்களையும் வளர்ப்போர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இரண்டாவது வகை. அதாவது, கண்ணில் வேறு ஏதேனும் கோளாறு ஏற்பட்டு, அதன் விளைவாக வடிகால் அடைபடுவது.

இதற்கான காரணங்களில் முதலில் சொல்ல வேண்டியது கண்ணின் உட்புற அழற்சி. கிராமத்து நாய்களில் இதற்கு அடிக்கடி வழிவகுப்பது உண்ணி. நாயுண்ணி கடிப்பதால் பரவும் எர்லிக்கியா என்னும் நுண்ணுயிர் இரத்தத்தில் பெருகி, காய்ச்சல், சோர்வு, மூக்கில் இரத்தக் கசிவு ஆகியவற்றை உண்டாக்குவதோடு கண்ணுக்குள்ளும் அழற்சியையும் இரத்தக் கசிவையும் ஏற்படுத்துகிறது. அழற்சியால் உண்டாகும் கசடும் இரத்தக் கட்டியும் வடிகால் சல்லடையை அடைத்துவிடும். கதிராளிப் படலம் வில்லையோடு ஒட்டிக்கொண்டால் கண்பாவை வழியே நீர் முன்னே வரவும் வழியில்லாமல் போகும். மாட்டுத் தொழுவத்தோடு ஒட்டி வாழும் நாய்களுக்கு, கடிக்கும் ஈக்களால் பரவும் சர்ரா நோயும் வரலாம். அதிலும் கருவிழி வெண்மையாகி, பார்ப்பதற்குக் கண் அழுத்த நோய் போலவே இருக்கும். இரத்தப் பரிசோதனை செய்யாமல் கண்ணுக்கு மட்டும் மருந்து விட்டுக்கொண்டிருந்தால் நாயே இறந்துவிடும்.

கண் வில்லை தன் இடத்திலிருந்து நழுவி முன்னறைக்குள் விழுவது மற்றொரு காரணம். டெர்ரியர் வகை நாய்களில் இது பரம்பரையாக வரும். பலத்த அடியாலும் நேரலாம். முற்றிய கண்புரை, கண்ணுக்குள் வளரும் கட்டி ஆகியவையும் உண்டு. வேலி முள் குத்துதல், வைக்கோல் தாள் கிழித்தல், பூனையின் நகம், சண்டையில் படும் பல், கல்லெறி எல்லாம் கண்ணுக்குள் இரத்தம் கசியவும் அழற்சி உண்டாகவும் காரணமாகலாம். காயம் ஆறி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த பின்னரும் வாரங்கள், மாதங்கள் கழித்து அழுத்தம் ஏறக்கூடும். ஆகவே கண்ணில் பலத்த அடிபட்ட நாயைக் காயம் ஆறிய பிறகும் ஒருமுறை காட்டுவது நல்லது.

அறிகுறிகள்

நோய் கண்ட நாய் முதலில் காட்டுவது கண்ணை அன்று, தன் குணமாற்றத்தை. கூப்பிட்டால் வராது. தீனியில் நாட்டம் இருக்காது. இருட்டான மூலையில் படுத்துக்கொள்ளும். தலையைத் தடவப் போனால் விலகும், சில நேரம் உறுமும். கண்ணுக்குள் ஏறும் அழுத்தம் கடுமையான தலைவலியைப் போன்ற வேதனையைத் தருவதே இதற்குக் காரணம். வயிற்றுக்கோளாறு என்று எண்ணி வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கண்ணுக்குரிய நேரம் போய்விடுகிறது.

கண்ணை நன்றாக வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளை விழியில் தடித்த இரத்தக் குழாய்கள் சிவந்து எழுந்திருக்கும். கருவிழி பளபளப்பை இழந்து, புகை படிந்த கண்ணாடி போல நீலங்கலந்த வெண்மையாகத் தோன்றும். கண்ணின் உள்மூலையிலுள்ள மூன்றாம் இமை பாதிக் கண்ணை மூடியிருக்கலாம். கண்பாவை விரிந்தே இருக்கும்; டார்ச் விளக்கை அடித்தாலும் சுருங்காது. நாட்கள் சென்றால் கண் விழி பெருத்து, மற்றக் கண்ணைவிடப் பெரிதாகப் பிதுங்கும். வீட்டார் பலர் நாயைத் தூக்கிக்கொண்டு வருவது இந்தக் கட்டத்தில்தான். விழி பெருத்துவிட்ட கண்ணில் பெரும்பாலும் பார்வை இராது.

பார்வை இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். நல்ல கண்ணைக் கையால் மெல்ல மறைத்துக்கொண்டு, நாயின் முன்னே ஒரு பஞ்சு உருண்டையை மேலிருந்து விழவிட வேண்டும். பஞ்சு ஓசையின்றி விழும். பார்வையுள்ள கண் அதைத் தொடரும். கையை வேகமாக வீசிச் சோதித்தால், காற்று படுவதாலேயே குருட்டுக் கண்ணும் இமைத்துவிடும். இமையின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்து "கல் போல இருக்கிறது" என்று முடிவு கட்டுவோரும் உண்டு. இந்தச் சோதனையை நம்ப முடியாது. அழுத்தம் மிக மிக அதிகமாக இருந்தால்தான் விரலுக்குத் தெரியும். புண்ணான கண்ணாக இருந்தால் அழுத்துவதே ஆபத்து.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். குணம் திடீரென மாறி, வாயில் எச்சில் ஒழுக, கண்டதைக் கடிக்கும் நாயைக் கண்நோய் என்று எண்ணிக் கிட்டே போகக் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாயானால் இன்னும் கவனம் தேவை. வெறிநோய் இல்லாவிட்டாலும், வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடித்துவிடும். மென்மையான துணியால் வாயைக் கட்டிய பிறகே கண்ணைத் தொட வேண்டும். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நோயை உறுதி செய்வது எப்படி?

கண் சிவப்பு பல நோய்களுக்குப் பொதுவானது. சாதாரணக் கண் வலியில் பூளை தள்ளும், ஆனால் கருவிழி தெளிவாக இருக்கும். கருவிழிப் புண்ணில் நாய் கண்ணை இறுக மூடிக்கொள்ளும். மருத்துவர் சாயத்துளி விட்டுப் பார்த்தால் புண் பச்சையாகத் தெரியும். உட்புற அழற்சியில் கண்பாவை சுருங்கியிருக்கும், அழுத்தமும் குறைவாக இருக்கும். கண்ணீர் வற்றிப்போகும் நோயும் கண்ணைச் சிவக்க வைக்கும். கண் அழுத்த நோயைத் திட்டமாகச் சொல்ல வேண்டுமானால் அழுத்தத்தை அளந்தே ஆக வேண்டும்.

இதற்கான கருவிக்கு டோனோமீட்டர் என்று பெயர். நார்வே நாட்டு மருத்துவர் ஷியோட்ஸ் 1905இல் செய்த கருவி இன்றும் சில இடங்களில் பயன்படுகிறது. கண்ணுக்கு மரப்பு மருந்து விட்டு, நாயின் முகத்தை வானம் பார்க்க நிமிர்த்தி, கருவிழியின் மேல் அதை நிறுத்த வேண்டும். சிறு உலோகத் தண்டு கருவிழியை எவ்வளவு அமுக்குகிறது என்பதை முள் காட்டும். அழுத்தம் அதிகமான கண் அமுங்காதாகையால், முள் குறைவாகக் காட்டினால் அழுத்தம் அதிகம் என்று கொள்ள வேண்டும். இப்போது பேனா வடிவக் கருவிகள் வந்துவிட்டன. மெல்லிய ஊசி போன்ற முனை கருவிழியைத் தொட்டுத் திரும்பும் வேகத்தைக் கொண்டு அழுத்தத்தைக் கணக்கிடும் கருவிக்கு மரப்பு மருந்துகூடத் தேவையில்லை.

நலமான நாயின் கண் அழுத்தம் ஏறக்குறைய 10 முதல் 25 பாதரச மில்லிமீட்டருக்குள் இருக்கும். அதற்கு மேல் போய், மேலே சொன்ன அறிகுறிகளும் இருந்தால் கண் அழுத்த நோயே. திடீர் நோயில் 40, 50 என்று ஏறிவிடுவது சாதாரணம். அளக்கும்போது நாயின் கழுத்தை இறுக்கிப் பிடித்தாலோ, இமைகளை விரலால் அழுத்தினாலோ பொய்யாக அதிகம் காட்டும். நாயைப் பிடித்துக்கொள்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரராகையால் அவர் இதை அறிந்திருக்க வேண்டும். தாடையைத் தாங்கிப் பிடித்தால் போதும். இரண்டு கண்களையும் அளக்க வேண்டும்.

இதன் பிறகு, வடிகால் மூலையைத் தனிக் கண்ணாடி ஒன்றைக் கருவிழியில் பொருத்திப் பார்ப்பர். கண் தெளிவாக இருந்தால் கண்ணோக்கியால் பார்வை நரம்பின் தலை குழி விழுந்திருக்கிறதா என்று காண்பர். கருவிழி வெளுத்து உள்ளே எதுவும் தெரியாவிட்டால் ஸ்கேன் எடுத்து வில்லை நழுவியுள்ளதா, கட்டி இருக்கிறதா என்று அறியலாம். உண்ணிக் காய்ச்சலுக்கும் சர்ராவுக்கும் இரத்தப் பரிசோதனை.

எல்லாக் கால்நடை மருந்தகங்களிலும் டோனோமீட்டர் இருக்கும் என எதிர்பார்க்க இயலாது. சேரன்மகாதேவிப் பகுதியினருக்கு அருகில் உள்ள பெரிய நிலையம், திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை வளாகம். இது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. உள்ளூர் மருத்துவரிடம் காட்டி, அவர் அவசர மருந்து கொடுத்த பின் அவருடைய குறிப்போடு அங்கே செல்வதே முறை. கருவி இல்லை என்பதற்காக உள்ளூர் மருத்துவரைத் தாண்டிச் செல்வதும், ஞாயிறு கழியட்டும் என்று வீட்டில் வைத்திருப்பதும் ஒரே அளவு தவறு.

சிகிச்சை

திடீர் நோயில் முதல் வேலை சில மணி நேரத்துக்குள் அழுத்தத்தை இறக்குவது. மானிட்டால் என்னும் மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 கிராம் வீதம் இரத்தக் குழாய் வழியாக இருபது முப்பது நிமிடத்தில் மெல்லச் செலுத்தப்படுகிறது. இது கண்ணிலுள்ள நீரை இரத்தத்துக்கு இழுத்துச் சிறுநீராக வெளியேற்றும். மருந்து ஏற்றிய பின் மூன்று நான்கு மணி நேரம் நாய்க்குத் தண்ணீர் வைக்கக் கூடாது. வைத்தால் மருந்தின் பலன் போய்விடும். தாகத்தால் நாய் தவிப்பதைக் கண்டு வீட்டுப் பெண்களோ குழந்தைகளோ இரக்கப்பட்டு வைத்துவிடுவதுண்டு. முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறோ இருதயக் கோளாறோ உள்ள நாய்க்கு இம்மருந்து ஆகாது.

சொட்டு மருந்துகளில் லாட்டனோபிராஸ்ட் நீர் வடிவதை விரைவுபடுத்தும். பரம்பரை வகை நோயில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பலன் தெரியும். ஆனால் இதுவே, வில்லை முன்னறைக்குள் நழுவிய கண்ணில் விட்டால், கண்பாவையைச் சுருக்கி நீரை முற்றிலும் அடைத்துக் கேடு செய்யும். உள் அழற்சியுள்ள கண்ணுக்கும் ஏற்றதன்று. டார்சோலமைடு, பிரின்சோலமைடு ஆகிய சொட்டுகள் நீர் ஊறுவதைக் குறைப்பவை. பெரும்பாலான நிலைகளில் பயமின்றி விடக்கூடியவை. டிமோலால் தனியாக விட்டால் பலன் குறைவு. மற்றவற்றோடு சேர்த்து விடுவர். அழற்சியோ உண்ணிக் காய்ச்சலோ காரணமாக இருந்தால் அதற்கான சிகிச்சையும் உடன் நடக்க வேண்டும்.

இவை எல்லாம் மனிதர்களின் கண்ணுக்கு விற்கும் அதே மருந்துகள்தாம். அதனால் வீட்டில் பெரியவருக்கு வாங்கிய புட்டியிலிருந்து நாய்க்கும் நான்கு சொட்டு விடலாம் என்று தோன்றும். எந்தக் காரணத்தால் அழுத்தம் ஏறியது என்று தெரியாமல் விட்டால் கண் போய்விடக் கூடும் என்பதை மேலே கூறியதிலிருந்தே அறியலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு, புண்ணுள்ள கருவிழியைக் கரைத்து ஓட்டையாக்கிவிடும். அட்ரோபின் கண்பாவையை விரித்து அழுத்தத்தை இன்னும் ஏற்றும். புகையிலைச் சாறு, சுண்ணாம்பு, மென்ற உப்பைக் கண்ணில் ஊதுதல், நெற்றியில் சூடு போடுதல் ஆகிய பழைய கைவைத்தியங்கள் கண்ணைப் புண்ணாக்குவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

இரண்டு வகைச் சொட்டுகள் விட வேண்டியிருந்தால் ஐந்து முதல் பத்து நிமிடம் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். சொட்டுப் புட்டியை வெயில் படும் சன்னலிலோ பம்புசெட் அறையிலோ வைக்கக் கூடாது. திறக்காத லாட்டனோபிராஸ்ட் புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். வேளை தவறாமல் விடுவதுதான் இதில் கடினம். பரம்பரை வகையில் மருந்து ஆயுள் முழுவதும் தேவைப்படலாம். நாள் செல்லச் செல்ல மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம்.

அப்போது அறுவை சிகிச்சை. நீர் ஊறும் திசுவை லேசர் கதிரால் சுட்டு ஊற்றைக் குறைப்பது, சிறு குழாய் பதித்து வடிகால் அமைப்பது ஆகிய முறைகள் உண்டு. இவை எங்கும் கிடைப்பவை அல்ல, செலவும் அதிகம். நழுவிய வில்லையை எடுத்துவிடும் அறுவை, பார்வை இன்னும் இருக்கும்போது செய்தால் பலன் தரும்.

பார்வை போய், வலி மட்டும் மிஞ்சிய கண்ணை என்ன செய்வது? எடுத்துவிடுவதே நல்லது. விவசாயிகள் பலர் இதற்கு இசைவதில்லை. கண்ணை எடுப்பது பாவம் என்றும், நாய் விகாரமாகிவிடும் என்றும் தயங்குகின்றனர். ஆனால் ஓயாத வலியோடு அந்தக் கண்ணைச் சுமக்க வைப்பதுதான் கொடுமை. வலி மறைந்ததும் அதுவரை மூலையில் கிடந்த நாய் சில நாட்களில் தீனி எடுத்து, வாலாட்டிக்கொண்டு எழுந்துவிடும். காவல் வேலைக்கு மோப்பமும் செவியுமே பெரிதும் தேவையாகையால் ஒற்றைக் கண் நாய் தோட்டத்தைக் காக்கத் தடையில்லை. குருடான கண்ணுக்குள் மருந்து செலுத்தி நீர் ஊறுவதை நிறுத்தும் முறையும் உண்டு. பார்வையுள்ள கண்ணில் அதைச் செய்யக் கூடாது.

மற்றக் கண்ணைக் காப்பாற்றுதல்

பரம்பரை வகை நோய் ஒரு கண்ணோடு நிற்பதில்லை. மருந்து விடாமல் இருந்தால் சுமார் எட்டு மாதங்களில் மற்றக் கண்ணையும் பிடிப்பது வழக்கம். நோய் காணாத அந்தக் கண்ணுக்கும் முன்கூட்டியே சொட்டு மருந்து விட்டுவந்தால் இரண்டரை ஆண்டு வரை தள்ளிப் போடலாம் என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியுள்ளது. நலமாக இருக்கும் கண்ணுக்கு எதற்கு மருந்து என்று நிறுத்திவிடக் கூடாது. சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்தத்தை அளந்துவர வேண்டும்.

கழுத்தில் கட்டும் வாரோ கயிறோ இழுபடும்போது கண் அழுத்தம் ஏறுவதும் அளந்து காணப்பட்டுள்ளது. ஆகவே இந்நோய் கண்ட நாயை, தோளையும் மார்பையும் சுற்றிப் போடும் வாரால் கட்ட வேண்டும். உண்ணி ஒழிப்பை நாயோடு நிறுத்திவிடாமல் அது படுக்கும் சாக்கு, சுவர் இடுக்கு, தொழுவத்து மூலை வரை செய்ய வேண்டும். தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிக்கும் நாளில் நாயை வேறிடத்தில் கட்டுவது நல்லது.

இரண்டு கண்ணும் போய்விட்ட நாய்க்குத் தீனித் தட்டையும் தண்ணீர்ச் சட்டியையும் இடம் மாற்றாமல் வைத்தால், ஓரிரு வாரங்களில் வீட்டையும் முற்றத்தையும் மோப்பத்தாலேயே அறிந்துகொள்ளும். வேலியில்லாத கிணறு, வாய்க்கால் பக்கம் தனியே விடக் கூடாது. தொடுமுன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இராஜபாளையம் நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேளாது என்பதால், பார்வை இழந்த நாய் அந்த இனமாக இருந்தால், பின்னால் நின்று கைதட்டிச் செவியையும் சோதித்துக்கொள்வது நல்லது. காதும் கேளாத நாயானால், கிட்டே போகும்போது தரையைக் காலால் தட்டினால் அதிர்வை உணர்ந்து தெரிந்துகொள்ளும்.